வஸ்தாது இருந்த புரட்டாசி விரதம்

ஒரு ஊர்ல ஒரு நாய்க்குப் பெரிய அநியாயம் நடந்துச்சு. நாய் பேரு வஸ்தாது. அநியாயம் பண்ணவர் அதோட வீட்டுக்காரர், துளசிங்கம். புரட்டாசி மாசம் கவிச்சியே தொடமாட்டேன்னு அவரு பெருமாளுக்கு வேண்டிக்கிட்டாரு. வேண்டிக்கிட்டா அவரு மட்டும்தானே இருக்கணும்? நாய் நெத்தியிலயும் நாமத்தைப் போட்டு, "நம்ம வீட்ல எல்லாருக்கும் விரதம்"னு தட்டுல ரசஞ்சோத்தை ஊத்திட்டாரு. கேக்குறியா?

"ம்."

அப்புறம் புரட்டாசி போச்சு. ஐப்பசி மொத நாளே துளசிங்கம் தலைக்கறி வாங்கி சப்புச் சப்புன்னு சாப்பிட்டாரு. வஸ்தாதுக்கு? அதே ரசஞ்சோறு! "அதுக்குப் பழகிடுச்சு"ன்னாராம். நாய் வந்து சொல்லுச்சா இவருகிட்ட? கார்த்திகை போச்சு, மார்கழியும் வந்துச்சு. முடி பொலபொலன்னு கொட்டுச்சு. வாலு தொங்கிடுச்சு. "லொள்"ளுன்னு குலைச்ச நாய்க்கு வெறும் "லொ"தான் வந்துச்சு. மீதிக்குத் தெம்பில்ல!

அப்போ துளசிங்கம் கத்துனாரு: "தண்டச்சோறு! மூணு வாட்டி பாப்பேன். ஒரு வாட்டியாவது காவல் காக்கலேன்னா, ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுடுவேன்."

வஸ்தாது வாசப்படியைக் கெட்டியா ஒட்டிப் படுத்துக்கிச்சு. குட்டியிலேர்ந்து அந்த வாசல்தானே அதுக்கு எல்லாம்?

மொத வாட்டி காக்கா வந்துச்சு, வடாம் திங்க. வஸ்தாது "லொ"ன்னுச்சு. காக்கா வடாமையெல்லாம் காலி பண்ணிட்டு, வஸ்தாது தட்டுலயும் ஒரு வாய் வெச்சுச்சு. "த்தூ! இதையா மூணு மாசமா திங்கிற?" விசுக்குனு பறந்துபோய் ஒரு மீனைக் கொண்டாந்து போட்டுச்சு. தின்னதும் வாலு டிங்குனு நிமிந்துச்சு. வாலு மட்டும்.

"ம்."

அப்புறம் பூனை வந்துச்சு, பால் குடிக்க. அப்பவும் "லொ"தான். பூனை குடிச்சு முடிச்சு மீசையைத் தொடச்சுக்கிட்டு, "உங்ககிட்ட திருடவே வெக்கமா இருக்குண்ணே"ன்னு, அடுத்த வீட்லேர்ந்து ஒரு அவிச்ச முட்டையை உருட்டிக்கிட்டு வந்துச்சு. உருள உருள, உருள உருள... தின்னதும் முடி பளபளன்னு ஆயிடுச்சு.

மூணாவது வாட்டி, பட்டப்பகல்ல, திருடனே வந்தான். நாய் வாயை அடைக்கணும்னு உப்பு காரம் இல்லாம வேகவெச்ச ஈரல் அரைக்கிலோ கொண்டாந்தான். மக்கு! தெம்பில்லாம சும்மா கெடக்குற நாய்க்குத் தெம்பைக் குடுத்தா?

"குலைக்கும்!"

"லொள்ள்ள்!" தென்னையிலேர்ந்து தேங்காயெல்லாம் தொபீர் தொபீர். துளசிங்கத்தோட வேட்டி பறந்துபோய் வேப்பமரத்து உச்சியில. திருடன் கெணத்துக்குள்ள தொபுக்கடீர்! "துரோகி! நான்தானேடா உனக்குச் சோறு போட்டேன்!"ன்னு உள்ளேர்ந்து அழறான்.

துளசிங்கம் துண்டைச் சுத்திக்கிட்டு ஓடிவந்தாரு. சத்தம் கேட்டுக் கூடுன ஊர்க்காரங்ககிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? "பாத்தீங்களா, எல்லாம் விரதத்தோட மகிமை! வர்ற தையிலயும் இவனுக்கு ரசஞ்சோறுதான்!"

"அடப்பாவி!"ன்னுச்சு கெணறு. திருடனுக்கே பொறுக்கல.

அப்போ வஸ்தாது அவரு எதிர்ல வந்து நேரா உக்காந்துச்சு. நாய் பேசுமான்னு கேக்காத. அரைக்கிலோ ஈரல் உள்ள போயிருக்கு, பேசும். அது சொல்றதோட கதை முடிஞ்சுது, நீ கண்ணை மூடிடணும். சம்மதமா?

"ம்ம்..."

"ஐயா, வேண்டிக்கிட்டது நீங்க. நான் பெருமாள்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணுமே கேட்டதில்ல. நாளைக்கு இந்தத் தட்டுல முட்டை இல்லேன்னா, கேப்பேன்."