விரால் கேட்ட வரம்

அந்தக் காலத்தில் மீனும் தவளையும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. அப்போது ஆலடிக் குளத்தில் பூவாயி என்றொரு விரால் மீன் இருந்தாள். மழைக்கு மழை குஞ்சு பொரிப்பாள். நாரையும் நீர்ப்பாம்பும் தின்றது போக ஒன்றிரண்டுதான் மிஞ்சும். பெற்ற வயிறு எரியாதா? கரையிலிருந்த ஐயனாரிடம் போய் அழுதாள்.

"சாமி, என் புள்ளைங்க அடுத்தவங்க வாய்க்கு இரையாகக் கூடாது. பசியாலயும் நோயாலயும் சாகக் கூடாது."

"கொடுத்த வரத்தைத் திரும்ப வாங்க மாட்டேன். யோசித்துத்தான் கேட்கிறாயா?"

"பெத்தவளுக்கு இதுல யோசிக்க என்ன சாமி இருக்கு?"

ஐயனார் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் பெருகின, பிள்ளைகளின் பிள்ளைகளும் பெருகின. ஒவ்வொரு மழைக்கும் கூட்டம் இரு மடங்கானது. முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. பாதிக் குளம் நிறைந்த பிறகுதான் மொக்கையன் என்ற தவளை பதறினான்.

"பூவாயக்கா, பாதிக் குளம் உன் சனமாப் போச்சே!"

"மீதிப் பாதி சும்மாதானடா கெடக்கு? இந்தப் பாதி நெறையவே எத்தனை தலைமுறை ஆச்சு. அது நெறைய இன்னும் அத்தனை ஆகும், போடா."

அடுத்த மழைக்கே அந்த மீதியும் நிறைந்துவிட்டது. அடப்பாவமே, ஒரே ஒரு மழை! பூச்சி இல்லை, சிறுமீன் இல்லை. மொக்கையனின் தலைப்பிரட்டைகளைக்கூட விரால் கூட்டம் விட்டுவைக்கவில்லை. அவன் அழுதுகொண்டே வேறு குளத்துக்குப் போய்விட்டான். பூவாயியின் பிள்ளைகளோ எலும்பும் செதிலுமாகத் துடித்தன. சாகவும் முடியவில்லை. திரும்பிய பக்கமெல்லாம், "ஆத்தா, பசிக்குது" என்ற குரல்தான்.

பூவாயி கரைக்கு ஓடினாள். "வரத்த எடுத்துக்க சாமி!"

"வாங்க மாட்டேன் என்றேனே. ஆனால், அடுத்தவர் வாய்க்கு இரையாகக் கூடாது என்றுதானே கேட்டாய்? உன் வாய் அடுத்தவர் வாயா?"

சாமி பேசுகிற பேச்சா இது! சொல்லும்போது எனக்கே நெஞ்சு பதறுகிறது.

திரும்பி வந்தாள். எல்லாருக்கும் இளையது, பிறந்த சிவப்பு மாறாத குஞ்சு, அவள் முகத்தருகே வந்து நின்றது. "ஆத்தா, வயிறு வலிக்குது. ஏதாச்சும் பண்ணேன்."

கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தாள். மீனுக்கு ஏது இமை? பார்த்தபடியே வாயைத் திறந்தாள்.

அன்று முதல்தான் விரால் தன் சிவப்புக் குஞ்சுகளை அடுத்தவர் வாய்க்குப் போகாமல் கூடவே நின்று காக்கிறது. கொஞ்சம் வளர்ந்ததும், விலகி ஓடாமல் ஆத்தாவென்று ஒட்டி நிற்கிற குஞ்சைத் தானே விழுங்கிவிடுகிறது.