விழுந்த மாதிரிதான்

"கோச்சம்மா, ஜெயிச்சா சந்தோஷம் வரணுமா இல்லீங்களா? எனக்கு ஏனுங்க வரமாட்டேங்குது?"

கேட்டவர் சென்னியப்பன், திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளி. பொங்கலுக்குக் கம்பெனிகள் மூடிக் கிடக்கும் வாரத்தில், தன்னை நம்பித் தொழில் செய்கிறவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு தாய்லாந்துக் கடற்கரைக்கு கோல்ஃப் ஆட வந்துவிடுவார். வருஷா வருஷம் கோப்பை அவருக்குத்தான்.

அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் கோச் ஜெசிந்தா. வயதில் ரொம்ப இளையவர். இந்தக் கூட்டத்தோடு வருவது இதுதான் முதல் தடவை.

ஜெசிந்தா காலைப் பலகாரத் தட்டிலிருந்த பப்பாளியை நிதானமாகத் தின்றார்.

"ஒரு எடத்துல உக்கார முடியலீங்க. உள்ளுக்குள்ள என்னமோ அரிச்சுக்கிட்டே இருக்குது."

"ஆடப் போலாம் வாங்க சார்."

முதல் குழி. சென்னியப்பனின் பந்து குழிக்கு ஒரு கட்டில் நீளம் தள்ளி நின்றது.

நூல் ஏஜென்ட் குழந்தைவேல் ஓடிப்போய்க் குனிந்தார். "விழுந்த மாதிரிதானுங்கண்ணா!"

கோல்ஃபில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. குழியை ஒட்டி வந்துவிட்ட பந்தை, போதும் எடுத்துக்கொள் என்று எதிராளி விட்டுக்கொடுக்கலாம். விழுந்ததாகவே கணக்கு. ஒட்டி என்றால் ஒரு சாண். முதலாளியின் பந்துக்கு மட்டும் அந்தச் சாண் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

ஜெசிந்தா தன் தொப்பியைக் கழற்றிப் பந்தின்மேல் கவிழ்த்தார்.

"எடுக்காதீங்க. அவரே அடிக்கட்டும்."

ஜெசிந்தா தொப்பியை எடுத்தார். சென்னியப்பன் அடித்தார். பந்து குழியைப் பார்க்காமலே போயிற்று.

அடுத்த குழியிலும் தொப்பி. அதற்கடுத்த குழியிலும்.

சென்னியப்பனின் முகம் சிவந்துவிட்டது. "இத்தன பேரு முன்னால என்னைய அசிங்கப்படுத்தத்தான் வந்தீங்களா?"

"காலைல கேள்வி கேட்டது நீங்கதானே சார்."

கடல் காற்று வீசியும் எல்லாருக்கும் சட்டை நனைந்திருந்தது.

கடைசிக் குழிக்கு வந்தபோது, எப்படியோ சென்னியப்பனும் குழந்தைவேலும் சமமாக நின்றார்கள். சென்னியப்பன் அடித்தார், தவறியது. குழந்தைவேலின் பந்து குழிக்கு ஒரு சாண்தான். தட்டினால் கோப்பை.

குழந்தைவேல் மட்டையோடு நின்றார். முதலாளியைப் பார்த்தார். பந்தைப் பார்த்தார். பிறகு, குழந்தைகூடத் தவறவிடாத அந்தப் பந்தைப் பக்கவாட்டில் தட்டிவிட்டார்.

"அடடா, போச்சுங்கண்ணா!"

சென்னியப்பன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொழந்தவேலு, வேணும்னுதான அடிச்ச?"

"இல்லீங்கண்ணா."

"எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

குழந்தைவேல் மட்டையின் பிடியைத் திருகினார்.

"நூல் ஆர்டரு வேற பக்கம் போயிருமுங்களேண்ணா."

இத்தனை வருஷக் கோப்பைகளும் வரிசையாகச் சென்னியப்பனின் கண்முன் வந்து நின்றன. வீட்டில் அவற்றுக்கென்றே கண்ணாடி அலமாரி வேறு.

போய் அந்தப் பந்தை எடுத்தார். பழைய இடத்திலேயே வைத்தார். பிறகு கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"அடி. நான் பாக்கல."

முதுகுக்குப் பின்னால் 'களுக்' என்று ஒரு சத்தம்.

"விழுந்துருச்சா?"

"விழுந்துருச்சுங்கண்ணா." அடக்கப் பார்த்தும் அடங்காத சந்தோஷம் அந்தக் குரலில். அந்தக் குரலை சென்னியப்பன் அதுவரை கேட்டதே இல்லை.

ஜெசிந்தா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"உங்க பந்து இன்னும் வெளியிலதான் கெடக்கு சார்."

சென்னியப்பன் திரும்பினார். மட்டையை உள்ளங்கை வியர்க்கப் பிடித்தார். குறிபார்த்தார். மூச்சை அடக்கி அடித்தார்.

பந்து குழியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றது.

முதலில் சிரித்தது குழந்தைவேல்தான்.