லோர்னா பார்க்காத முகம்

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில், கோதுமை வயல்களுக்கு நடுவே, கூராபின் என்றொரு சிற்றூர். அங்கே பாழடைந்து கிடந்த கம்பளிக் கிடங்கு ஒன்றைச் செப்பனிட்டு, போலந்திலிருந்து வந்த ஒரு தம்பதி ஓவியக்கூடம் நடத்திவந்தார்கள். கணவர் தாதேயுஷ் மரச்சிற்பி. மனைவி ப்ரோனியா முகங்களை வரைபவள். போர் முடிந்ததும் அகதிகளாகக் கப்பலேறியவர்கள். ப்ரோனியாவின் தாய் வார்சாவில் குண்டுவீச்சில் செத்தாள். ஒரு புகைப்படம்கூட மிஞ்சவில்லை. எத்தனையோ முகங்களை வரைந்த கைக்கு அந்த ஒரு முகம் மட்டும் வசப்படவேயில்லை. வரைவாள், உற்றுப் பார்ப்பாள், கிழித்துப் போடுவாள். தாதேயுஷ் துண்டுகளைப் பொறுக்கி அடுப்பில் போடுவார்.

ஊர் மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் ப்ரோனியாவுடன் பல வருடம் வேலை பார்த்தவள் ஒரு பழங்குடிப் பெண். இறந்தவர்களின் பெயரை அவளுடைய சனங்கள் சொல்வதில்லை; அவள் இப்போது இல்லை, ஆகவே நாமும் அவளைத் தோழி என்றே சொல்வோம். தன் முன்னோர் நிலத்தின் நீர்ச்சுனைகளையும், அவற்றுக்குப் போகும் வழிகளையும் அவள் வரைவாள். "வெயில் காலத்தை வரைந்தாலும் முகத்துக்குப் பின்னால் உன் வானம் மழைக்குத்தான் மூட்டம் போடுகிறது" என்று ப்ரோனியாவைக் கேலி செய்தவளும் அவள்தான்.

தோழிக்கு லோர்னா என்று ஒரு மகள். நான்கு வயதில் அரசாங்க ஆட்கள் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள், வெள்ளையர் வீட்டில் வளர்ப்பதற்கு என்று; அந்நாளில் பழங்குடிக் குழந்தைகள் பலருக்கு நடந்தது இது. அதன்பின் முப்பது வருடமாக ஒரு தகவலும் இல்லை.

இருவரின் ஓவியங்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைப்பது என்று முடிவானது. அதற்காக ப்ரோனியா தோழியின் முகத்தை வரைந்தாள். முடிந்த அன்று தோழி நெடுநேரம் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என் மகள் என்றைக்காவது வந்தால் இதைக் காட்டு. நான் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி."

"காட்டுகிறேன்" என்றாள் ப்ரோனியா. அருகில் வேறு யாரும் இல்லை.

கண்காட்சி திறக்கும் முன்பே தோழி மாரடைப்பில் போய்விட்டாள். அடக்கம் முடிந்து அவளுடைய தங்கை மேவிஸ் ஓவியக்கூடத்துக்கு வந்தாள். அழுது அழுது கண்கள் வீங்கியிருந்தன.

"அக்கா வரைந்தவை இருக்கட்டும். அக்கா முகம் வேண்டாம், துணியால் மூடி வை. துக்கம் கழிந்ததும் நானே வந்து துணியை எடுப்பேன். அதுவரை யார் கண்ணிலும் படக்கூடாது. இது எங்கள் வழக்கம்."

தான் கொடுத்திருந்த வாக்கு ப்ரோனியாவின் நாக்கு நுனிவரை வந்தது. முப்பது வருடம் வராதவளா இனி வரப்போகிறாள் என்று நினைத்தாள். "சரி" என்று மட்டும் சொன்னாள். படத்தைத் துணியால் மூடிப் பின்னறையில் வைத்துப் பூட்டினாள்.

ஏழு மாதம் கழித்து, ஒரு மத்தியானப் பேருந்தில் லோர்னா வந்து இறங்கினாள். கண்காட்சியைப் பற்றிய பழைய பத்திரிகைச் செய்தியில் தாயின் பெயரைப் பார்த்திருக்கிறாள்.

"அம்மா எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

ப்ரோனியாதான் சொல்ல வேண்டியிருந்தது. லோர்னா அழவில்லை. முகமெல்லாம் ஊதி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சிறுநீரகங்கள் கெட்டுவிட்டன, சில மாதங்கள்தான் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். நான்கு மணிப் பேருந்தில் திரும்பியாக வேண்டும். இன்னொரு பயணம் அவள் உடம்பு தாங்காது. மேவிஸோ வடக்கே எங்கோ உறவினரிடம் போயிருந்தாள். தொலைபேசி எட்டாத இடம்.

"ஒரு படம்கூட இல்லையா? எனக்கு அவர்கள் முகம் நினைவில்லை."

ப்ரோனியா படம் இருப்பதைச் சொன்னாள். மேவிஸ் சொன்னதையும் சொன்னாள். தோழி கேட்டதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் மறுகணமே கதவைத் திறக்க வேண்டியிருக்கும் என்று பயந்தாள். அதற்குப் பதிலாக அந்த முகத்தை வார்த்தையில் வரையப் பார்த்தாள். "அகன்ற நெற்றி. சிரித்தால் இடது கண் சிறுத்துப் போகும்..." அதற்கு மேல் ஓடவில்லை. அது யாருடைய முகமாகவும் இருக்கலாம்.

கேட்டுக்கொண்டு நின்ற தாதேயுஷ் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். பின்னறையைத் திறந்தார். துணியை விலக்கினார்.

"வா அம்மா, பார். மேவிஸுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்."

லோர்னா வாசற்படிவரை போனாள். அங்கே நின்று, அறைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"அவர்கள் வழக்கம் என்றால் எனக்கும் அதுதானே வழக்கம்? மகளாக நான் இதுவரை ஒன்றுமே செய்ததில்லை. இதையாவது செய்கிறேன்."

நான்கு மணிப் பேருந்தில் போனாள். ஐந்து மாதத்தில் அவள் இறந்த செய்தி கடிதமாக வந்தது.

மறுவருடம் மேவிஸ் வந்து துணியை எடுத்தாள். நடந்ததைக் கேட்டதும் படத்தின் முன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மகளைப் பற்றி அக்கா உன்னிடம் எதுவுமே சொல்லவில்லையா?" என்று கேட்டாள். ப்ரோனியா அந்தத் துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

ப்ரோனியா மேவிஸிடம் சொன்ன சொல்லைக் காத்தாள். தாதேயுஷ் இரக்கப்பட்டுக் கதவைத் திறந்தார். லோர்னா பார்க்க மறுத்தாள். இந்த மூவரில் யார் செய்தது சரி? உங்கள் பதிலை முடிவு செய்துகொண்டு மேலே படியுங்கள்.

விடை: லோர்னா. தாதேயுஷின் மனம் நல்லதுதான். ஆனால் அந்தத் துணி அவர் விலக்கக்கூடியதல்ல. ப்ரோனியா கொடுத்த இரண்டு வாக்கில் காத்தது ஒன்றைத்தான். அந்த வழக்கத்திலேயே பிறந்து வளர்ந்த தோழி, தான் இறந்தாலும் மகளுக்குக் காட்டச் சொன்னாள் என்றால், தெரிந்தேதான் சொல்லியிருப்பாள். அதை மேவிஸிடம் அன்றே சொல்லியிருந்தால், ஒருவேளை மேவிஸே வழி விட்டிருப்பாள். லோர்னாவிடம் சொல்லியிருந்தால் அவள் படத்தின் பக்கம் திரும்பியிருப்பாள். தனக்குத் தெரிந்ததை வைத்து லோர்னா செய்தது மட்டுமே குறையற்றது. அவளுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. தோழி கேட்டதை மறைத்துவிட்டதைப் பின்னாளில் கணவரிடம் ஒப்புக்கொண்டவள் ப்ரோனியாவேதான். "அன்றைக்கே என்னிடமாவது சொல்லியிருக்கலாமே" என்றார் அவர்.