உப்பளத்தில் ஒரு கண் பரிசோதனை

வண்ணத்திரைக் கைபேசி வந்த புதிது. வெயில் ஏற ஏற எழுத்து துலங்கும் பழைய பொத்தான் போனுக்கு அன்றே மவுசு போய்விட்டது. என் மனதில் மட்டும் இன்னும் போகவில்லை.

அந்த நாளில் தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்துக்குப் புதிதாக வந்த மேலாளர் ஞானராஜ், ஜீப் நிழலில் உட்கார்ந்தபடி, வெயிலில் வரிசையாக நின்ற வேலைக்காரப் பெண்களிடம் தன் புதுப் போனை நீட்டினார்.

"இதுல இருக்குற வரியை வாசிக்க முடியலைன்னா பார்வை மங்கல்னு அர்த்தம். அவங்களுக்கு நாளையிலேருந்து வேலை கிடையாது."

உச்சி வெயில், சுற்றிலும் வெள்ளை உப்பு. வாங்கிப் பார்த்த ஏழு பெண்களுக்கும் கூசும் திரையில் அவரவர் முகம்தான் தெரிந்தது. எட்டாவதாகப் பேச்சித்தாய் வாங்கினாள்.

"வாசிச்சிட்டேன் சார். மேலாளருக்கும் நாளையிலேருந்து வேலை கிடையாதுன்னு போட்டிருக்கு."

"என்னம்மா உளறுற?" ஞானராஜ் வெயிலுக்குள் பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினார்.

"தப்புன்னா நீங்க சரியா வாசிச்சுக் காட்டுங்க சார். நிழலுக்குப் போகாம, நாங்க நிக்கிற இடத்துலயே நின்னு."

அவர் போனைச் சாய்த்தார், திருப்பினார், கண்ணைச் சுருக்கினார். தெரிந்தது சொந்த மீசை மட்டுமே. எட்டுப் பெண்களும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

"எல்லாருக்கும் பார்வை நல்லாத்தான் இருக்கு," என்றார் ஞானராஜ். "போய் வேலையைப் பாருங்க."