கரடியின் பெட்டியும் நரியின் பெட்டியும்

நடுவே ஆறு ஓடும் ஒரு காட்டில், குழந்தைகளே, இக்கரையில் கரடி சிவப்பு நிற வீடியோ கேம் பெட்டி விற்றது. அக்கரையில் நரி நீல நிறப் பெட்டி விற்றது. இரண்டிலும் இருந்தது ஒரே ஆட்டம்தான்: 'கோட்டை பிடி.' அதை உருவாக்கியது தூக்கணாங்குருவி.

ஆனால் சிவப்புப் பெட்டிக்காரர்கள் தங்களுக்குள் மட்டும்தான் ஆடலாம். நீலப் பெட்டிக்காரர்களும் அப்படியே.

இக்கரை அணிலும் அக்கரை கீரியும் உயிர் நண்பர்கள். ஆற்றில் முதலைகள் இருந்ததால் கரையில் நின்று கத்திப் பேசுவதோடு சரி. சேர்ந்து விளையாட அந்தப் பெட்டியை விட்டால் வேறு வழியில்லை.

அணில் குருவியிடம் போனது. "அக்கா, ஏன் இப்படிச் செய்தாய்?"

"நானா? இரண்டு பெட்டிக்கும் நடுவே கதவு வைத்துத்தான் செய்தேன். அதற்குக் கரடி ஒரு பூட்டுப் போட்டது, நரி ஒரு பூட்டுப் போட்டது. என்னைக் கேட்டா போட்டார்கள்?"

அணில் கரடியிடம் ஓடியது. "ஐயா, பூட்டைத் திறங்கள். நான் கீரியோடு ஆட வேண்டும்."

"உன் கீரியை என் பெட்டியை வாங்கச் சொல். தீர்ந்தது!"

"அவன் வீட்டில்தான் ஏற்கெனவே ஒரு பெட்டி இருக்கிறதே?"

"அது கள்ள ஆட்டக்காரர்களின் பெட்டி. உன் பாதுகாப்புக்காகத்தான் பூட்டி வைத்திருக்கிறேன்."

அக்கரையில் நரியும் கீரியிடம் ஒரு சொல் மாறாமல் இதையே சொன்னது. நம்மைப் பிரித்து வைப்பவர்களுக்குள் எப்போதும் நல்ல ஒற்றுமை இருக்கும், குழந்தைகளே!

மாலையில் கீரி கரைக்கு வந்து கத்தியது. "டேய், நீங்களெல்லாம் திருடர்களாம்!"

"நீங்களும்தானாம்!"

இரண்டும் வயிறு குலுங்கச் சிரித்தன.

"கெஞ்சியது போதும்," என்றது அணில். "கரடிக்கும் நரிக்கும் வீம்பு அதிகம். அதைக் கொஞ்சம் கிளறுவோம்."

மறுநாள் அணில் கரடியின் கடைக்குப் போனது. "ஐயா, சிவப்புப் பெட்டிக்காரர்கள் வாழைப்பழம் உரிக்கத்தான் லாயக்கு என்கிறதாம் நரி!" நரி தன் கடையில் தினமும் பேசும் பேச்சுத்தான் அது. அணில் அதில் எதையும் கூட்டவில்லை.

கரடி உறுமியது. "நம் பிள்ளைகள் விரலை அசைத்தாலே அந்தக் கூட்டம் ஓடிவிடும்!"

"அதை எப்படி நிரூபிப்பது, ஐயா? நடுவே பூட்டு இருக்கிறதே?"

கரடி சாவியைத் தேடியது. அதே நேரத்தில் அக்கரையில் கீரியும் நரியை அப்படியே மடக்கியிருந்தது.

'ஒரே ஒரு போட்டிக்கு மட்டும்' என்று சொல்லிக் கரடியும் நரியும் இரண்டு பூட்டையும் திறந்தன. காடே திரண்டது. ஆனால் அணிலும் கீரியும் தத்தம் கரையில் எல்லாரிடமும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தன. ஆட்டம் தொடங்கியதும் சிவப்பில் பாதி நீலத்தோடு போய்ச் சேர்ந்தது. நீலத்தில் பாதி சிவப்போடு வந்து நின்றது.

"முயலே, இடது மதிலைப் பார்!"

"ஏ உடும்பு, பிடியை விடாதே! உனக்கா பிடிக்கச் சொல்லித் தர வேண்டும்?"

முள்ளம்பன்றி மதிலிலிருந்து சறுக்கி விழுந்தது. இரண்டு கரையும் ஒன்றாகச் சிரித்தன. அணிலும் கீரியும் ஒரே அணியில் நின்று கோட்டையில் கொடி நட்டன.

"யார் ஜெயித்தது?" என்று கேட்டது கரடி.

"எங்கள் அணி!"

"சிவப்பா, நீலமா?"

"இரண்டும்தான்!"

கரடியும் நரியும் பல்லைக் கடித்துக்கொண்டு, கதவை மறுபடி பூட்டுவதற்காகப் பூட்டைத் தூக்கின.

"முதலில் பூட்டுகிறவர் பயந்துவிட்டார் என்று அர்த்தம்!" என்று கத்தியது கீரி. இரண்டு கரையும் கைதட்டி ஆரவாரம் செய்தன.

"நீ பூட்டு," என்றது கரடி.

"ஏன், நீதான் பூட்டேன்!" என்றது நரி.

இன்றுவரை இருவரும் பூட்டவில்லை. கதவைத் திறந்த வள்ளல் நானே என்று இருவரும் பெருமை பேசித் திரிகிறார்கள். மறுத்துப் பேச அங்கே யாருக்கும் நேரமில்லை. எல்லாரும் ஆட்டத்தில் இருக்கிறார்கள்.

நீதி: பிரித்து வைப்பவரிடம் கெஞ்சிப் பயனில்லை, பிரிக்கப்பட்டவர்கள் கைகோத்தால் அவர் வீம்பே அவரை வழிவிட வைக்கும்.