மெஷின் கண்ணில் சந்தனம்

பொழுதுபோக்குக்காக மரத்தில் பெயர் செதுக்கும் குட்டி சி.என்.சி. மெஷின் ஒன்றை வைத்திருந்தார் தணிகாசலம். ஆயுத பூஜைக்கு அந்த மெஷின் முதல் துடைப்பம் வரை சந்தனப் பொட்டு வைத்தார். மறுநாள் மெஷின் நாலு விரல் நகர்வதும் வெடுக்கென்று பின்வாங்குவதுமாக ஆட்டம் காட்டியது.

"நீ துடைச்ச லட்சணம்!" என்று வேலைக்காரி செவந்தியிடம் குதித்தார். "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு, இல்லேன்னா நாளைக்கு வராதே. நான் வெச்ச பொட்டுல மட்டும் கை படக்கூடாது!"

செவந்தி சுற்றிப் பார்த்தாள். எங்கே நிற்பதென்று மெஷினுக்குக் காட்டும் சென்சார் கண்ணை அடைத்திருந்தது சந்தனம்.

"சார், உங்க கண்ணாடியைக் குடுங்க." பூஜையில் மிஞ்சிய சந்தனத்தை இரு பக்கமும் அப்பி நீட்டினாள். "மாட்டிக்கிட்டு கேட் வரைக்கும் நேரா நடங்க பார்ப்போம்."

தணிகாசலம் பதறிப்போய்க் கண்ணாடியைத் துடைக்கத் துண்டை எடுத்தார்.

"ஐயோ சார், பொட்டுல கை படக்கூடாதுங்களே!"

துண்டு அப்படியே நின்றது. பிறகு மெஷின் பக்கம் திரும்பியது.