நான்கு வறட்சி கண்ட ஆமை

நாணற்குளத்தின் நடுவில் ஒரு பாறை இருந்தது. அதன்மேல் ஓடையப்பர் என்ற ஆமை உட்கார்ந்திருந்தார். குளத்துக்கு அவர்தான் தலைவர்.

தலைவருக்கு வேலை அதிகம் இல்லை. ஆனால் இருந்த ஒரு வேலை பெரிய வேலை. வறட்சி வரும் ஆண்டில், குளம் காய்வதற்கு முன், "புறப்படுங்கள்" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் மீன்கள் எல்லாம் வாய்க்கால் வழியாக நீந்தி ஆற்று மடுவுக்குப் போய்விடும். அவசரப்பட்டுச் சொன்னால், மடுவில் இருக்கும் முதலைக்கு அத்தனை நாள் கூடுதல் விருந்து. பிந்திச் சொன்னால், போக வழி இருக்காது.

எப்போது சொல்வது? அதற்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. அந்தக் காலத்து ஆமைகள் பாறையின் பக்கவாட்டில் நகத்தால் மூன்று கோடுகள் கீறி வைத்திருந்தன. தண்ணீர் மூன்றாம் கோட்டுக்கு இறங்கினால் புறப்பாடு.

இத்தனை பெரிய பொறுப்பை யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துவிட முடியுமா? ஆகவே, மூன்று வறட்சி கண்டவரே பாறையில் ஏறலாம் என்று விதி செய்திருந்தார்கள். வறட்சியோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. அந்த விதியைச் செய்ததும் ஓர் ஆமைதான்.

ஓடையப்பர் நான்கு வறட்சி கண்டவர். விதி கேட்டதைவிட ஒன்று அதிகம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. சித்திரை பிறப்பதற்குள் பாறையில் முதல் கோடு வெளியே தெரிந்தது. ஒருநாள் காலை, சிவந்த மூக்குடைய இளம் நீர்க்கோழி ஒருத்தி அல்லி இலைகள்மேல் கால் வைத்து நடந்துவந்து பாறைக்குக் கீழே நின்றாள். அவள் பெயர் செம்மூக்கி.

"பெரியவரே, ஒரு விண்ணப்பம்."

"சொல்லு."

"தலைவர் ஆகுறதுக்கு மூணு வறட்சி வேணும்கிறதை ஒண்ணாக் குறைக்கணும்."

பாறையடியில் இருந்த நண்டு கொடுக்கன் சிரித்துவிட்டான். தலைவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அவனைத் தாண்ட வேண்டும். "ஏம்மா, நீ எத்தனை வறட்சி பார்த்திருக்க?"

"ஒண்ணு."

"அதானே! அளவெடுத்துக்கிட்டுத்தான் வந்திருக்க."

"எனக்காகத்தான் கேட்கிறேன். மறைக்கலையே," என்றாள் செம்மூக்கி.

பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த தவளை தொண்டையன் கழுத்தை உப்பினான். "ஐயா, எங்க சனம் மிஞ்சிப்போனா ஏழெட்டு வருஷம் இருக்கும். மூணு வறட்சி பார்க்கணும்னா நான் நாலு தடவை செத்துப் பிறக்கணும்."

"விதி எல்லாருக்கும் பொதுப்பா," என்றான் கொடுக்கன். "உன்னை யாரு தடுத்தா? உயிரோட இரு, போதும்."

ஓடையப்பர் சிரிக்கவில்லை. அவருக்குச் சுருக்கென்று இருந்தது. "இந்தப் பாறையில ஏற நான் முப்பது வருஷத்துக்கு மேல காத்திருந்தேன். எனக்கு முன்னால இருந்தவர் கண்ணசந்த நேரத்துலகூட நான் இந்தக் கல்லைத் தொட்டதில்லை."

"தெரியும் பெரியவரே. உங்களால காத்திருக்க முடிஞ்சுது. தண்ணி காத்திருக்காது."

"நாளைக்குக் காலையில சபை கூட்டுறேன். அங்க பேசிக்கலாம்."

சொல்லிவிட்டு ஓடையப்பர் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். பேச்சை முடிக்க அவருக்குத் தெரிந்த வழி அது.

ஓட்டுக்குள் இருட்டாக இருந்தது. சபையில் என்ன பேசலாம் என்று யோசித்தார். 'நான் நான்கு வறட்சி கண்டவன். வறட்சி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?' என்று தொடங்கலாம். நல்ல தொடக்கம். அடுத்து, வறட்சி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும்.

எப்படி இருக்கும்?

நினைவைத் துழாவினார். கைக்குச் சேறுதான் வந்தது. சில்லென்று, கனமாக, கண்ணை மூடிய சேறு. முதல் வறட்சியில் அது. இரண்டாவதிலும் அதுவே. நான்கிலும் அதுவே. தண்ணீர் இறங்கியதும், ஆமைகள் காலம்காலமாகச் செய்வதைத்தான் அவரும் செய்திருந்தார். ஆழமாகத் தோண்டினார், புதைந்தார், மழை வந்து எழுப்பும்வரை தூங்கினார்.

குளம் காய்ந்து கிடந்ததை அவர் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

அதைவிட இன்னொன்று அவரை உறுத்தியது. இதை இத்தனை வருஷத்தில் யாரும் கேட்கவில்லை, சரி. நானாவது என்னைக் கேட்டிருக்கலாமே?

வெயில் சாயும் நேரத்தில் ஓடையப்பர் பாறையைவிட்டு இறங்கிச் செம்மூக்கியைத் தேடிப் போனார். அவள் வாய்க்கால் முகப்பில் ஒற்றைக் காலைத் தண்ணீரில் வைத்து நின்றிருந்தாள்.

"உனக்கென்ன அவசரம்? பாறையில இன்னும் ரெண்டு கோடு பாக்கி இருக்கே," என்றார்.

"கோடு குளத்துல இருக்கு பெரியவரே. மேடு வாய்க்கால்ல இருக்கு. வாங்க, காட்டுறேன்."

வாய்க்காலில் பாதி தூரம் போனதும் ஒரு மணல்மேடு குறுக்கே கிடந்தது. என்றோ வந்த வெள்ளம் கொண்டுவந்து போட்டது. அதன்மேல் தண்ணீர் செம்மூக்கியின் முழங்காலைக்கூட எட்டவில்லை.

"தினமும் வந்து கால் வச்சுப் பார்க்கிறேன். இன்னும் நாலு நாள்ல இந்த மேடு வெளியே வந்துடும். அப்ப உங்க பாறையில ரெண்டாவது கோடுகூடத் தெரியாது. குளத்துல தண்ணி இருக்கும். வெளியேற வழிதான் இருக்காது."

ஓடையப்பர் மேட்டையே பார்த்தார். "போன வறட்சியில நான் மூணாவது கோட்டுலதான் சொன்னேன்."

"ஆமா."

"எல்லாரும் வாய்க்கால்ல இறங்கினதைப் பார்த்துட்டுத்தான் புதைஞ்சேன்."

"ஆமா, பெரியவரே."

"மழைக்கு அப்புறம் யாரும் திரும்பி வரலை. வெள்ளத்தோட புது மீனுங்கதான் வந்துது. நம்ம ஆளுங்களுக்கு ஆறு பிடிச்சுப்போச்சு, அங்கேயே தங்கிட்டாங்கன்னு நினைச்சேன்."

செம்மூக்கி தண்ணீரிலிருந்து காலை எடுத்துக் கரையோர நாணலைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அப்ப நான் குஞ்சு. பறக்க வராது. மத்தப் பறவைங்க எல்லாம் போயிடுச்சு. எனக்காக அம்மா மட்டும் இருந்தா. இப்ப அவளும் இல்லை. நாங்க அந்த நாணலுக்குள்ள நின்னோம். முதல்ல வந்த மீனுங்க இந்த மேட்டுல முட்டி நின்னுச்சு. பின்னால வந்ததுங்களும் நின்னுச்சு. எங்கிருந்தோ நாரைங்க வந்து மேல சுத்த ஆரம்பிச்சுது."

"எத்தனை பேரு?"

"எனக்கு எண்ணத் தெரியாத வயசு."

நாணல் அசைந்தது. ஓடையப்பருக்குத் தலையை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இழுத்துக்கொள்ளவில்லை.

"ஏன் இதை என்கிட்ட முன்னாடியே சொல்லலை?"

"ரெண்டு தடவை வந்தேன். சின்னப் பிள்ளைக் கதையெல்லாம் தலைவர் கேட்கமாட்டார்னு கொடுக்கன் திருப்பி அனுப்பிட்டான். நீங்க ஓட்டுக்குள்ள இருந்தீங்க."

திரும்பும் வழியில் ஓடையப்பருக்கு ஓர் எண்ணம் வந்தது. நாளைக் காலை நானே 'புறப்படுங்கள்' என்று சொல்லிவிட்டால் என்ன? மீன்கள் பிழைக்கும். பாறையும் என்னிடமே இருக்கும். யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை.

அந்த எண்ணம் அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே அதன்மேல் சந்தேகம் வந்தது. தினமும் மேட்டில் கால் வைத்துப் பார்த்தவள் அவள். நான் பார்த்ததெல்லாம் உட்கார்ந்திருந்த கல்லை. அடுத்த வறட்சியிலும் நான் கல்லைத்தானே பார்ப்பேன்?

மறுநாள் சபை கூடியது. தவளைகளும் நண்டுகளும் கரையில் உட்கார்ந்தன. மீன்கள் தண்ணீருக்கு மேலே வாயை நீட்டின.

கெண்டைகளில் பெரியவள் வெள்ளைச்சி. அவள்தான் முதலில் பேசினாள். "நேத்துப் பொரிச்ச குஞ்சு கையில எங்க உயிரைக் கொடுக்கணுமா? நாலு வறட்சி கண்ட ஐயா இருக்கும்போது எங்களுக்கு என்ன குறை?"

"அதைத்தான் சொல்ல வந்தேன் வெள்ளைச்சி," என்றார் ஓடையப்பர். "நாலையும் நான் தூங்கிக் கழிச்சேன்."



அவர் எல்லாவற்றையும் சொன்னார். சேற்றைச் சொன்னார். மேட்டைச் சொன்னார். போனவர்கள் ஆற்றுக்குப் போய்ச் சேரவில்லை என்பதையும் சொன்னார்.

தொண்டையன் தொண்டையைச் செருமினான். "நாங்களும் வறட்சியில தூங்குறவங்கதான் ஐயா. ஆனா அதை அனுபவம்னு வெளியே சொல்லிக்கிறதில்லை."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஓடையப்பருக்கும் சிரிப்பு வந்தது. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"மூணு வேண்டாம். ஒண்ணு போதும்," என்றார் அவர். "ஆனா அந்த ஒண்ணை முழிச்சிருந்து பார்த்திருக்கணும். இதுதான் இனிமே விதி."

கொடுக்கன் பதறிப்போனான். "ஐயா, அப்படிப் பார்த்தா இந்தக் குளத்துல தகுதி இருக்கிறது இவ ஒருத்திக்குத்தான்."

"இத்தனை நாளும் இவ ஒருத்திக்குத்தான் இருந்துது."

ஓடையப்பர் பாறையிலிருந்து இறங்கினார். செம்மூக்கி ஏறினாள். கல் இன்னும் சூடாக இருந்தது.

"இன்னைக்கே புறப்படுங்க," என்றாள்.

மீன்களுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. முதல் கோடுதானே தெரிகிறது? இவ்வளவு தண்ணீரை விட்டுவிட்டு முதலையிடம் போவதா? ஒரு மீனும் நகரவில்லை. செம்மூக்கி பாறையின் விளிம்புக்கு வந்தாள். "முதலை இருக்குதான். ஆனா மடுவுல ஒளிய இடம் இருக்கு. மேட்டுல இல்லை."

"நான் முன்னால போறேன்," என்றார் ஓடையப்பர். "மேடு பொய்னா எல்லாரும் திரும்பி வந்து என்னைக் கேளுங்க."

அவர் வாய்க்காலில் இறங்கினார். வெள்ளைச்சி அரை மனதாகப் பின்தொடர்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

மேட்டை அடைந்தபோது குஞ்சு மீன்கள் வழுக்கிக்கொண்டு தாண்டிவிட்டன. பெரியவற்றுக்கு வயிறு மணலில் உரசியது. வெள்ளைச்சி பாதியில் சிக்கிக்கொண்டாள். வாலை அடித்தாள். நகர முடியவில்லை. மேலே ஒரு நாரையின் நிழல் கடந்துபோனது. உடனே இன்னொன்று.

"நாலு நாள் கழிச்சு வந்திருந்தா?" என்று மூச்சுவாங்கக் கேட்டாள் வெள்ளைச்சி.

ஓடையப்பர் தோண்டத் தொடங்கினார். அவருக்குப் பிழையில்லாமல் தெரிந்த வேலை அது ஒன்றுதான். இதுவரை தான் ஒளிந்துகொள்வதற்காகத் தோண்டினார். இப்போது மற்றவர்கள் போவதற்காகத் தோண்டினார். முன்னங்கால்களால் மணலை வாரி இரண்டு பக்கமும் தள்ளினார். ஒரு மீன் அகலத்துக்கு வழி விட்டது. வெள்ளைச்சி நழுவிப் போனாள். அவள் பின்னால் ஒருவர்பின் ஒருவராக எல்லோரும் போனார்கள். செம்மூக்கி கரையில் ஓடி ஓடி, சிறகை அடித்துக் கத்தி, நாரைகளை இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

நாலாம் நாள் மேடு வெளியே வந்தது. அன்றைக்கும் பாறையில் இரண்டாம் கோடு தெரியவில்லை.

குளம் வற்ற வற்ற, தவளைகளும் நண்டுகளும் சேற்றுக்குள் போயின. கொடுக்கன் வளை வாசலில் நின்று கூப்பிட்டான். "ஐயா, தூங்க வரலையா?"

"நீ போ. நான் கொஞ்சம் பார்த்துட்டு வர்றேன்."

அவர் போகவில்லை. கரையில் இருந்த மருதமரத்தின் வேர்ப் பள்ளத்தில் கடைசித் தண்ணீர் தங்கும் என்று செம்மூக்கி காட்டியிருந்தாள். பகலில் அங்கே ஒதுங்கினார். காலையிலும் மாலையிலும் குளத்துக்குள் நடந்தார். சேறு முதலில் ஓரத்தில் வெடித்து, பிறகு நடுவுக்கு நகர்வதைப் பார்த்தார். அல்லிக் கொடி கயிறாகக் காய்வதைப் பார்த்தார். தாகம் எப்படி இருக்கும் என்று ஐம்பது வயதில் தெரிந்துகொண்டார். தூக்கம் கண்ணை இழுத்தபோதெல்லாம் அந்த மேட்டை நினைத்துக்கொண்டார்.

ஆடி முடிந்து மழை வந்தது. வாய்க்கால் நிறைந்தது. ஒருநாள் காலை வெள்ளைச்சி முன்னால் வர, மீன்கள் குளத்துக்குள் நுழைந்தன. முதலைக்கு இரண்டொருவர் இரையாகியிருந்தார்கள். மற்றவர்கள் வந்துவிட்டார்கள். போனவர்கள் திரும்பி வருவதை ஓடையப்பர் வாழ்நாளில் முதன்முறையாகப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

சேற்றிலிருந்து எழுந்துவந்த கொடுக்கன் சோம்பல் முறித்தான். "ஐயாவுக்கு இப்ப அஞ்சு வறட்சி ஆச்சு."

"இல்லப்பா. ஒண்ணு," என்றார் ஓடையப்பர்.

பாறைமேல் நின்றிருந்த செம்மூக்கி எட்டிப் பார்த்தாள். "எனக்கு ரெண்டு ஆகுது பெரியவரே. அப்ப நீங்க என்னைவிடச் சின்னவர்."

"ஆமா. இப்பத்தான் விதிப்படி எனக்கும் தகுதி வந்திருக்கு," என்றார் அவர்.

"அப்ப மேல வாங்க. இங்க இடம் இருக்கு. அந்தக் கோடுகளை அழிச்சுட்டு வேற கீறணும். எனக்கு நகம் பத்தாது."

ஓடையப்பர் மெதுவாகப் பாறையில் ஏறத் தொடங்கினார்.

எத்தனை ஆண்டு இருந்தோம் என்பதல்ல, எத்தனை நாள் கண் திறந்து இருந்தோம் என்பதே தலைமைக்குத் தகுதி.